‘இதுக்கும் சம்பளத்துல புடிப்பாங்களா?’

உங்கள் கேள்வியை நான் இப்படிப் புரிந்துகொள்கிறேன். இலங்கை மலையகத்தில் ஹட்டனுக்கு அருகே ஒரு தேயிலைத் தோட்டத்தில் காலநிலை மாற்றம் பற்றிக் கூட்டம் நடத்தினீர்கள். “காலநிலை மாற்றம் என்று கேள்விப்பட்டிருக்கிறீர்களா?” என்று தாளில் கேட்டதற்கு வந்தவர்களில் பெரும்பாலானோர் “இல்லை” என்றார்கள். கூரையில் சூரியப் பலகை, விறகு குறைவாகப் பிடிக்கும் அடுப்பு என்று நீங்கள் விளக்கியபோது “பார்ப்போம்” என்று சொல்லிவிட்டுக் கலைந்துபோனார்கள். மீரியபெத்த மண்சரிவையும் டித்வா புயலையும் கண்ட மக்களுக்கு ஏன் இதில் அக்கறை இல்லை, எப்படி அவர்களுக்கு உணர்த்துவது என்று கேட்கிறீர்கள். இதில் இரண்டு கேள்விகள் ஒன்றாகப் பின்னிக் கிடக்கின்றன. காலநிலை மாறுகிறது என்று அவர்களுக்குத் தெரியுமா என்பது ஒன்று. அதன் பெயரால் வெளியிலிருந்து வரும் ஒரு திட்டத்தை அவர்கள் நம்பி ஏற்பார்களா என்பது மற்றது. முதலாவதற்கு ஆம் என்பவர் இரண்டாவதற்கு இல்லை என்று சொல்லலாம். உங்கள் கூட்டத்தில் அதுதான் நடந்திருக்கிறது என்று நினைக்கிறேன்.

நான் பொகவந்தலாவைப் பக்கம் ஒரு லயத்தில், தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளில், பிறந்தவள். அம்மா கொழுந்து எடுத்தார். பதினெட்டு வருடங்களாக வீட்டு ஆய்வுகளுக்காகக் கேள்வித்தாளைத் தூக்கிக்கொண்டு லயம் லயமாகப் போய்வருகிறேன். நன்றாகத் தெரிந்தது நோர்வூட், மஸ்கெலியா, தலவாக்கலைப் பகுதிகள். பதுளைப் பக்கம் போய் வந்திருக்கிறேன், ஆனால் அங்கே தங்கி வேலை செய்ததில்லை. அதனால் கீழே சொல்வதை மலையகம் முழுவதற்கும் அளந்து வைத்த அளவாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

முதலில் அந்த “இல்லை”. மஸ்கெலியாவில் ஒரு ஓய்வுபெற்ற தொழிலாளியிடம், எழுபது வயதிருக்கும், இதே கேள்வியைக் கேட்டேன். “அதெல்லாம் நமக்குத் தெரியாது மகள்” என்றார். தாளை மடித்து வைத்துவிட்டு, “இப்ப மழையெல்லாம் எப்படி பாட்டி?” என்று கேட்டேன். முக்கால் மணி நேரம் பேசினார். பழைய மஸ்கெலியா நகரம் 1960களின் இறுதியில் மவுசாகலை நீர்த்தேக்கத்துக்குள் போனது உங்களுக்குத் தெரிந்திருக்கும். தண்ணீர் நன்றாக இறங்கும் மாதங்களில் பழைய கோயிலின் சிதைவுகள் வெளியே தெரியும். அந்தப் பாட்டிக்கு அதுதான் நாட்காட்டி. கோயில் தெரிந்த வருடம் எது, அந்த வருடம் கொழுந்து எப்படி இருந்தது, ஊற்றுநீர் விழும் பீலியில் தண்ணீர் எப்போது நின்றது என்று வரிசையாகச் சொன்னார். கடைசியில் ஒன்று சொன்னார், அதை நான் எந்தப் பயிற்சிப் பட்டறையிலும் கேட்டதில்லை: “கோயில் தெரிஞ்சா லைட்டு போகும், லைட்டு வந்தா பில்லு கூடும்.” மவுசாகலையிலும் காசல்ரீயிலும் நீர் குறைந்தால் லக்சபான நீர்மின் தொகுதியின் உற்பத்தி குறைகிறது. நுரைச்சோலை மின்நிலையத்து நிலக்கரியையும் எண்ணெயையும் நாடு கூடுதலாக எரிக்கிறது. செலவு பட்டியலுக்கு வருகிறது. நீர்மின்சாரத்தைப் பற்றிய ஒரு முழுப் பாடத்தை ஒரே வரியில் சொன்ன அந்த அம்மாவின் பெயர், என் தாளில் “அறியாதவர்” என்ற பெட்டிக்குள் இருக்கிறது. அன்றிலிருந்து அந்தக் கேள்வியை முதலில் கேட்பதை விட்டுவிட்டேன்.

அதற்காக லயத்தில் சொல்வதெல்லாம் சரி என்று நான் சொல்லவில்லை. காரணம் கேட்டால் மரம் வெட்டியது, காட்டுக்குத் தீ வைத்தது, பொலித்தீன், ஓசோன் ஓட்டை எல்லாம் ஒன்றாக வந்து விழும். இது மலையகத்துக்கு மட்டும் உரிய குழப்பமும் அல்ல. மழை பற்றிய முதியவர்களின் நினைவும் அப்படியே நம்பத்தக்கதல்ல. மோசமான வருடம்தான் மனதில் நிற்கும், சாதாரண வருடம் மறந்துபோகும். உறுதியாகச் சொல்லக்கூடியவை இவை. பூமி சூடாகிறது, அதற்குப் பெரும் காரணம் நிலக்கரி, எண்ணெய், எரிவாயு எரிப்பது. காற்று ஒரு பாகை செல்சியஸ் சூடேறினால் சுமார் 7 சதவீதம் கூடுதலான நீராவியைத் தாங்கும், ஆகவே கொட்டும்போது அதிகமாகக் கொட்ட வழியுண்டு. தேயிலை வெயிலுக்கும் மழைக்கும் மிகவும் கூச்சப்படும் செடி. 1991இல் இலங்கை சுமார் 24 கோடி கிலோ தேயிலை செய்தது. வறட்சி கண்ட 1992இல் அது 18 கோடி கிலோவுக்கும் கீழே போனது. ஐயத்துக்குரியது என்னவென்றால், ஒரு குறிப்பிட்ட மலை ஒரு குறிப்பிட்ட நாளில் ஏன் சரிந்தது என்பது. அதில் மழைக்கு ஒரு பங்கு இருக்கும். கான், அதாவது வடிகால், வெட்டாமல் விட்டது, சரிவை வெட்டி வீதி போட்டது, தேயிலையைப் பிடுங்கி வேறு பயிர் போட்டது ஆகியவற்றுக்கும் பங்கு இருக்கும். எதற்கு எவ்வளவு என்பதை அந்த இடத்தை ஆராயாமல் சொல்ல முடியாது. கூட்டத்தில் “இந்த மண்சரிவு காலநிலை மாற்றத்தால் வந்தது” என்று நீங்கள் ஒரே போடாகப் போட்டால், கான் வெட்ட ஆள் போடாததை வருடக்கணக்காகப் பார்த்த தொழிலாளி உங்களை நம்பமாட்டார். அவர் நம்பாததில் நியாயம் இருக்கிறது.

மீரியபெத்தவை நீங்கள் எடுத்துக்காட்டாகச் சொன்னீர்கள். 2014 ஒக்டோபர் 29 காலை கொஸ்லந்தையில் அந்த லயங்கள் மண்ணுக்குள் போயின. அங்கே ஆபத்து இருக்கிறது என்று 2005லும் 2011லும் எச்சரிக்கை கொடுத்ததாகத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் சொன்னது. உடனே வெளியில் பலர், “சொல்லியும் போகாத மக்கள்” என்று பேசினார்கள். அந்தப் பேச்சு எனக்கு இன்றும் வலிக்கிறது. போ என்று சொல்வது சுலபம். எங்கே போவது? லயக்காம்பராவை விட்டால் வேறு கூரை இல்லை. வேறு இடத்துக்குப் போனால் காலையில் ஆள் பதியும் பெரட்டுக்கு எத்தனை மணிக்கு வருவது, மாட்டை எங்கே கட்டுவது, பிள்ளைகளின் பள்ளிக்கூடம் என்னாவது? 1948இல் குடியுரிமை போய், 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்தில் குடும்பங்கள் பிரிந்து, தலைமுறைகளாகக் காணி இல்லாமல் இருந்தவர்களின் பேரப்பிள்ளைகள் இவர்கள். 2025 நவம்பரில் டித்வா வந்தபோது நாட்டில் 600க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். மலைநாட்டு மாவட்டங்கள்தான் மிக மோசமாக அடிபட்டன. அப்போதும் மக்கள் கேட்டது பாதுகாப்பான காணியைத்தான். ஆபத்தை நம்பாதவர்கள் அல்ல அவர்கள். நம்பிய பிறகு செய்வதற்கு ஒன்றும் கையில் இல்லாதவர்கள்.

சரி, இப்போது “பார்ப்போம்” என்ற சொல்லுக்கு வருவோம். என் அனுபவத்தில், எந்தப் புதிய திட்டத்தை விளக்கினாலும் பத்து நிமிடத்துக்குள் யாராவது ஒரு பெண் கேட்பார்: “இதுக்கும் சம்பளத்துல புடிப்பாங்களா?” தோட்டத்துச் சம்பளத் துண்டைப் பார்த்திருந்தால் இந்தக் கேள்வியின் பாரம் புரியும். ஈபிஎப் என்ற சேமலாப நிதி, சங்கச் சந்தா, கோயில் காசு, தேயிலைத் தூள், முற்பணம், கடன் என்று வரி வரியாகக் கழிந்துதான் கைக்கு வரும். வெளியிலிருந்து வருகிற எந்த நல்ல காரியமும் கடைசியில் அந்தத் துண்டில் இன்னொரு வரியாகப் போய் உட்காரும் என்பது பாட்டி காலத்துப் பாடம்.

அந்தப் பாடத்தைக் கடந்த சில வருடங்கள் மேலும் அழுத்தமாக எழுதிவிட்டன. 2021 மே மாதம் இரசாயன உர இறக்குமதியை ஒரே இரவில் நிறுத்தினார்கள். மண்ணுக்கு நல்லது, உடம்புக்கு நல்லது, உலகத்துக்கே முன்மாதிரி என்று சொல்லப்பட்டது. அந்நியச் செலாவணித் தட்டுப்பாடும் பின்னால் இருந்தது. நவம்பரில் தடையை விலக்கிக்கொண்டார்கள். ஆனால் செடி அவ்வளவு சீக்கிரம் திரும்பவில்லை. 2021இல் ஏறக்குறைய 30 கோடி கிலோவாக இருந்த நாட்டின் தேயிலை, 2022இல் 25 கோடி கிலோவுக்கு இறங்கியது. தோட்டத்துக் கணக்கில் இதற்கு அர்த்தம் என்ன தெரியுமா? கொழுந்து வரவில்லை, ஆனால் எடுக்க வேண்டிய கிலோ குறையவில்லை. கிலோ வராவிட்டால் அரைநாள் பேர், அதாவது பாதிச் சம்பளம். அதே 2021இல்தான் பல வருடப் போராட்டத்துக்குப் பிறகு நாட்சம்பளம் 1000 ரூபாயானது. கையில் வந்ததை அரைநாள் பேர் எடுத்துக்கொண்டது. உரத்தடையைக் காலநிலைக் கொள்கை என்று கணக்கில் சேர்ப்பது சரியில்லை என்று நானே சொல்வேன். அதன் நோக்கமும் வேறு, செய்த விதமும் வேறு. ஆனால் மலையில் நிற்பவருக்கு அது “பசுமை” என்ற பெயரோடு வந்தது, “பசுமை” என்ற பெயரோடு நினைவில் இருக்கிறது. நீங்கள் அதே சொல்லைப் பதாகையில் எழுதிக்கொண்டு போயிருக்கிறீர்கள்.

அடுத்த வருடம் எரிபொருள். 2022 ஓகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாயானது. அதற்குச் சில மாதங்களுக்கு முன், 1,500 ரூபாயைச் சுற்றியிருந்த பெரிய கேஸ் சிலிண்டர் 4,860 ரூபாய் வரை போனது. கேஸுக்கு மாறிய பெண்கள் மறுபடி விறகு பொறுக்கப் போனார்கள். என் சித்தியும் அதில் ஒருவர். மின்கட்டணம் இதைவிட. மாதம் 30 யூனிட்டுக்குள் பாவிக்கும் வீட்டுக்கு 2022 ஓகஸ்ட் வரை யூனிட் 2 ரூபாய் 50 சதம், நிலைக்கட்டணம் 30 ரூபாய். 2023 பெப்ரவரிக்குப் பிறகு யூனிட் 30 ரூபாய், நிலைக்கட்டணம் 400. அதாவது 105 ரூபாய்ப் பட்டியல் 1,300 ரூபாயானது. நாட்டின் சராசரி உயர்வு இதைவிட மிகவும் குறைவு. ஒரு குண்டு பல்பும் ஒரு தொலைக்காட்சியும் வைத்திருந்தவருக்குத்தான் அடி பெரிதாக விழுந்தது. பிறகு குறைத்தார்கள், அதையும் சொல்லத்தான் வேண்டும். எரிபொருளுக்கு உண்மையான விலை வைத்தால் வீண்செலவு குறையும் என்பது உலகெங்கும் காபன் குறைப்புக்குச் சொல்லப்படும் வழிகளில் ஒன்று. பொருளாதாரமாக அதில் சரி இருக்கிறது. ஆனால் ஈடு கொடுக்காமல் விலையை மட்டும் கூட்டினால் யார் தலையில் விடியும் என்பதற்கு இந்த மூன்று வருடங்களை விட வேறு சாட்சி தேவையில்லை.

உலக ஆய்வுகளும் இதற்குக் கிட்டத்தட்ட வந்து சேர்கின்றன. பொருளாதார ஒத்துழைப்பு மற்றும் அபிவிருத்திக்கான அமைப்பு 20 நாடுகளில் 40,000 பேருக்கு மேல் கேட்டு 2022இல் ஓர் ஆய்வை வெளியிட்டது. காலநிலைக் கொள்கைகளை ஒருவர் ஆதரிப்பாரா மாட்டாரா என்பதை மூன்று நம்பிக்கைகள் பெரிதும் தீர்மானிக்கின்றன என்று கண்டார்கள். இந்தத் திட்டம் உண்மையில் புகையைக் குறைக்குமா? ஏழைகளுக்கு இது என்ன செய்யும்? என் வீட்டுக்கு என்ன செய்யும்? பிரச்சினை எவ்வளவு பெரியது என்று விளக்குவதால் மட்டும் ஆதரவு பெரிதாக ஏறவில்லை, திட்டம் எப்படி வேலை செய்யும், யாருக்கு என்ன கிடைக்கும் என்று விளக்கியபோதுதான் ஏறியது. உங்கள் கூட்டத்தில் பனிமலை உருகும் படங்களுக்கு ஒரு மணி நேரம் கொடுத்தீர்கள் என்று எழுதியிருந்தீர்கள். பட்டியல் யார் பெயரில் வரும் என்பதற்கு எவ்வளவு நேரம் கொடுத்தீர்கள்?

2024இல் வெளிவந்த இன்னொரு ஆய்வு 125 நாடுகளில் சுமார் 1,30,000 பேரைக் கேட்டது. மாத வருமானத்தில் நூற்றுக்கு ஒன்றைக் காலநிலைக்காகக் கொடுப்பீர்களா என்பது கேள்வி. 69 சதவீதம் பேர் ஆம் என்றார்கள். ஆனால் “உங்கள் நாட்டில் எத்தனை பேர் கொடுப்பார்கள்?” என்று கேட்டபோது அவர்கள் சொன்ன சராசரி 43 சதவீதம்தான். மற்றவர்களுக்கு அக்கறை இல்லை என்று எல்லோரும் தவறாக நினைத்துக்கொண்டிருக்கிறோம். நீங்கள் லயத்து மக்களைப் பற்றி நினைத்ததும் இந்த வகைதான். அதே நேரம், உலகச் சராசரியைத் தூக்கி ஒரு தோட்டத்து டிவிசனுக்குப் பொருத்தக்கூடாது. இப்படிப்பட்ட ஆய்வுகள் பல நாடுகளில் தொலைபேசியில் நடக்கின்றன. லயத்தில் தொலைபேசி யார் கையில் இருக்கிறது, கொழுந்தை எடை போட்டுவிட்டு வந்து அடுப்பு மூட்டும் பெண்ணிடம் அது எத்தனை மணிக்கு வரும் என்பதை யோசித்தால் யாருடைய குரல் பதிவாகியிருக்கும் என்று தெரியும். கொடுப்பேன் என்று சொல்வதும் கொடுப்பதும் வேறு என்பதையும் மறக்கக்கூடாது.

இருந்தாலும் அந்த நூற்றுக்கு ஒன்றை நான் சில கூட்டங்களில் போட்டுப் பார்த்தேன். 2024 செப்டெம்பரில் நாட்சம்பளம் 1350 ரூபாயான சமயம். மாதம் 20 பேர், அதாவது 20 நாள் சம்பளம், விழுந்தால் 27,000. நூற்றுக்கு ஒன்று என்றால் 270 ரூபாய். கொடுப்பீர்களா என்றேன். சத்தமே இல்லை. பிறகு நோர்வூட் பக்கம் ஓர் அக்கா எழுந்து, “மாரியம்மன் திருவிழாவுக்கு இதவிட கூடவே குடுக்கிறோம். ஆனா திருவிழா முடிஞ்ச மறுநாள் மைக்குல கணக்கு வாசிப்பாங்க. இதுக்கு யாரு வாசிப்பா?” என்றார். கூட்டம் முழுக்கத் தலையாட்டியது. நான் பதினெட்டு வருடம் தேடிய பதில் அது. பொதுக் காரியத்துக்குக் கொடுக்கும் பழக்கம் இந்த மக்களிடம் ஊறிப்போனது. செத்த வீட்டுக்குச் சேர்க்கும் காசு, கோயில் காசு, பிள்ளையின் படிப்புக்குச் சேர்த்துக் கொடுக்கும் காசு, எல்லாம் தாங்களே நடத்துபவை. கணக்கு காதில் விழ வேண்டும் என்பதுதான் நிபந்தனை.

சூரியப் பலகைக்கு வருகிறேன். 2016இல் தொடங்கிய ‘சூரிய பல சங்கிராமய’ போன்ற கூரைச் சூரியமின் திட்டங்கள், தன் பெயரில் மின்கணக்கும் தன் பெயரில் கூரையும் உள்ளவருக்குத்தான் வசதி. லயத்தின் கூரையும் அது நிற்கும் நிலமும் தொழிலாளியுடையவை அல்ல. தகரத்தில் ஓட்டை விழுந்தால் தோட்டத்திடம் கேட்டுத்தான் மாற்ற வேண்டும். நான் போன சில லயங்களில் நாலைந்து வீடுகளுக்கு ஒரே மின்மானி. ஈடு வைக்கக் காணி உறுதி இல்லாதவருக்கு வங்கி கடன் கொடுக்காது. இந்த நிலையில் “பார்ப்போம்” என்பது மறுப்பே அல்ல, மரியாதையான உண்மை. 7 பேர்ச் காணியில் உறுதியோடு தனிவீடு கிடைத்த குடும்பங்கள் சிலவற்றிடம் இதே பேச்சை எடுத்தபோது பலகையின் விலை என்ன, எத்தனை வருடம் உழைக்கும் என்று கேள்விகள் வந்தன. காணி உறுதி கொடுத்தால் ஆதரவு தானாக வரும் என்று இதிலிருந்து நிரூபித்துவிட முடியாது. அந்தக் குடும்பங்களில் கொழும்பிலோ வெளிநாட்டிலோ வேலை செய்யும் பிள்ளைகளும் இருந்தார்கள். காசு பேசியதா, உறுதி பேசியதா என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. இரண்டும் இருக்கும் என்பது என் ஊகம்.

அடுப்பு விஷயம் வேறு மாதிரி. அனகி அடுப்பு 1980களிலிருந்து இந்த நாட்டில் இருக்கிறது, விறகு குறைவாகப் பிடிக்கும் என்பதில் சந்தேகம் இல்லை. ஆனால் நுவரெலியா, கந்தப்பளை உயரத்தில் அடுப்பு சமைப்பதற்கு மட்டும் அல்ல. நனைந்து வந்த சேலையையும் படங்கையும் காயவைப்பதும், மேலே அடுக்கிய ஈர விறகை உலர்த்துவதும், குழந்தை குளிர்காய்வதும் அந்த நெருப்பில்தான். சூட்டை வெளியே விடாத அடுப்பு நல்ல அடுப்பு என்று நீங்கள் சொல்கிறீர்கள், சூடு வெளியே வராவிட்டால் எதற்கு அடுப்பு என்று அவர் நினைக்கிறார். புகை நெஞ்சுக்குக் கெடுதி என்பது அவருக்கும் தெரியும். புகைபோக்கியும் காய்ந்த விறகுக்கு ஒரு சாய்ப்பும் சேர்ந்து வந்தால் பேச்சு மாறும்.

இன்னொரு தவறான முடிவுக்கும் போய்விடாதீர்கள். ஓடையைத் திருப்பும் சிறிய நீர்மின் நிலையத்தை ஒரு தோட்டம் எதிர்த்தால் அவர்கள் காலநிலைக்கு எதிரிகள் என்று அர்த்தம் இல்லை. குளிக்கும் பீலி வற்றுகிறது என்று அர்த்தம். மேல் கொத்மலைத் திட்டம் 150 மெகாவோற் சுத்தமான மின்சாரம் தருகிறது, 2012இலிருந்து. அதற்காக இடம்பெயர்ந்த குடும்பங்களும் மெலிந்துபோன சென் கிளேயர் நீர்வீழ்ச்சியும் தலவாக்கலைக்காரர்களின் கண்முன்னே இருக்கின்றன. மன்னாரில் காற்றாலைகளை எதிர்த்து 2025இல் மக்கள் தெருவில் நின்றதும் இப்படித்தான். ஒரு இலங்கையர் வருடத்துக்குச் சராசரியாக வெளிவிடும் காபனீரொட்சைட்டு சுமார் 1 தொன். உலகச் சராசரி அதைப்போல நான்கு மடங்குக்கு மேல். லயத்தில் இருப்பவரின் பங்கு அந்த 1 தொன்னையும் விடக் குறைவாகத்தான் இருக்க வேண்டும். அவரிடம் “குறையுங்கள்” என்று கேட்பதற்கு நமக்கு முகமில்லை. 2030க்குள் 70 சதவீத மின்சாரம் புதுப்பிக்கத்தக்கதாக வேண்டும் என்று நாடு வைத்திருக்கும் இலக்கில் உங்கள் பங்கு என்ன, உங்களுக்கு அதில் என்ன வர வேண்டும் என்று கேட்கலாம், கேட்கத்தான் வேண்டும்.

அடுத்த கூட்டத்துக்கு என் யோசனை சுருக்கமானது. தாளை முதலில் எடுக்காதீர்கள், மழையையும் பீலியையும் கேளுங்கள். எந்தத் திட்டமானாலும் மூன்றைத் தயாராகக் கொண்டுபோங்கள்: கூரை யாருடையது, பட்டியல் யார் பெயரில், பழுதானால் யார் வந்து பார்ப்பார். தெரியாததைத் தெரியாது என்று சொல்லுங்கள், தோட்ட நிர்வாகத்தின் எழுத்து மூல சம்மதம் இல்லாமல் கூரையைப் பற்றி வாய் திறக்காதீர்கள். கோயில் கமிட்டியையும் மாதர் சங்கத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள், கணக்கு வாசிக்க அவர்களுக்குப் பழக்கம் உண்டு. அப்புறம், நீங்கள் கூட்டம் வைத்தது பத்தாம் திகதி மாலை என்று எழுதியிருக்கிறீர்கள். பெரும்பாலான தோட்டங்களில் அது சம்பள நாள். கையில் துண்டை வைத்துக்கொண்டு கழிவுகளைக் கூட்டிப் பார்த்துக்கொண்டிருந்தவர்களிடம்தான் நீங்கள் பேசியிருக்கிறீர்கள். அடுத்த முறை ஞாயிற்றுக்கிழமை காலை, கோயில் முற்றத்தில் வையுங்கள்.